கிள்ளாமல் விட்டது

மதியம் இரண்டே முக்கால் மணிக்கு, மருந்துக்கடைக்காரர் வீட்டு வேலிக் கம்பிகளுக்கு நடுவே என் வலது கை முழங்கை வரைக்கும் உள்ளே போயிருந்தது. ஜன்னல் பலகைக்குப் பின்னால் அவர் குறட்டை விடுவது தெருவுக்கே கேட்டது. மூன்று ஜினியாப் பூக்கள் பழுப்பேறித் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. இரண்டைக் கிள்ளிவிட்டேன், மூன்றாவது எட்டவில்லை. தோளைக் கம்பியோடு அழுத்தி, மூச்சைப் பிடித்து, நடுவிரல் நகத்தால் அதன் கழுத்தை இழுத்தபோது என் சட்டைப் பொத்தான் தெறித்து அவருடைய பாத்திக்குள் விழுந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொத்தான் போனதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாடின பூவைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் திருடி இல்லை. நல்ல பூ ஒன்றைக்கூட இதுவரை தொட்டதில்லை. பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு ஜனவரிதான் உச்சக் கோடை; அந்த வெயிலில் எங்கள் ஊர் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, ஒரு மணிக்குப் பலகைக் கதவுகளை அடைத்துக்கொண்டு படுத்தால், நாலரை வரைக்கும் நாய்கூடத் தெருவைக் கடக்காது. எனக்கு மட்டும் அந்த உறக்கம் வருவதில்லை. இருபத்திரண்டு வருடம் ஊருக்கு வெளியே இருக்கும் கோழி ஆலையில் நின்றேன். சங்கிலியில் தலைகீழாகத் தொங்கிவரும் கோழியின் வலது இறக்கையை வெட்டுவது என் பொறுப்பு. நிமிடத்துக்கு இருபத்தைந்து இறக்கை, பிறகு முப்பது, கடைசியில் முப்பத்தெட்டு. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியும் கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. படுத்தால் விரல்கள் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். என் கணவர் அடெல்மோ ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "கிழவி, போர்வைக்கும் உனக்கும் என்ன பகை? வெளிய போய் எதையாவது கிள்ளு, மனுசனைத் தூங்க விடு" என்றார். சொன்னதைச் செய்தேன்.

முதலில் எங்கள் வீட்டுச் செடிகள். அது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு அடுத்த வீட்டு வேலி, அப்புறம் எதிர்வீடு, அப்படியே இரண்டு தெரு. செண்டுப்பூ, ஜினியா, பெட்டூனியா எல்லாமே ஒரே கோடைக்குப் பிறந்து ஒரே கோடையில் முடிந்துபோகிறவை. விதை வைத்துவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும். விதை வைக்க விடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் முடியவில்லை போலிருக்கிறதே என்று மறுபடி மறுபடி பூக்கும். பாவம்தான், ஏமாற்று வேலைதான். ஆனால் போன கோடையில் தெரு முழுக்க மார்ச் வரைக்கும் பூ நின்றது என் ஏமாற்றால்தான். பெட்டூனியாவில் பலர் குழல் போன்ற பூவை மட்டும் உருவிவிட்டுச் சுத்தம் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். அடியில் பச்சைக் கிண்ணத்துக்குள் காய் அப்படியே உட்கார்ந்திருக்கும். நான் கிண்ணத்தோடு சேர்த்து, கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக நகத்தால் வெட்டுவேன். விரலெல்லாம் பிசின் ஒட்டும். கிள்ளினதைக் கவுன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் இருக்கும் என் நான்கு கோழிகளுக்கு வீசுவேன்.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் டிசம்பரிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. "என் செண்டுச் செடியில யாரோ கை வைக்கிறாங்க, என்ன கெட்ட எண்ணமோ" என்று ஒருத்தி எழுதினாள். மதியத்தில் தெருவில் திரியும் பிள்ளைகளைத் தூக்கிப்போகும் பேய்க்கு எங்கள் பக்கத்தில் சொலாப்பா என்று பெயர். "சொலாப்பாவுக்கு வயசாயிருச்சு, பிள்ளைங்களைத் துரத்த முடியல, தோட்ட வேலைக்கு எறங்கிட்டா" என்று காய்கறிக் கடை சுல்மா எழுதினாள். நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கடைசியில் போய் நிற்பது நேலிதா வீட்டு வேலியில்தான். ஆலையில் எனக்கு எதிரே, சங்கிலியின் அந்தப் பக்கம் நின்றவள். ஒரு கோழிக்கு இரண்டு இறக்கை. வலது எனக்கு, இடது அவளுக்கு. இருபது வருடத்துக்கு மேல் ஒரே பறவையின் இரண்டு பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம். இயந்திர இரைச்சலில் பேச முடியாது. புருவத்தாலும் உதட்டாலும் ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கிலியின் வேகத்தைக் கூட்டியபோது, குறைக்கச் சொல்லி நேலிதா ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது, இரண்டாவது என்னுடையது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் பாக்கி என்பதை ரொம்ப அன்பாக நினைவுபடுத்தினார். தாளை மேசையில் வைத்துப் பேனாவையும் அதன்மேல் வைத்தார். நான் என் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். என்னைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் அடித்தார்கள். நேலிதாவை உறைகுளிர் அறைக்கு மாற்றினார்கள். ஒரே குளிர்காலத்தில் இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. இரண்டையும் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நானும் போகவில்லை. போய் என்னத்தைச் சொல்வது?

அவள் வீட்டில் இருக்கும் பெட்டூனியா கடையில் கிடைப்பதில்லை. வெள்ளைப் பூ, தொண்டையில் மட்டும் கத்திரிப்பூ நிறம், பொழுது சாய்ந்தால் கிராம்பு போல மணக்கும். அவளுடைய அம்மா கல்யாணமாகி வந்தபோது கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதையாம். கடைப் பெட்டூனியாவின் விதையைப் போட்டால் அடுத்த வருடம் வேறு முகத்தோடு முளைக்கும். நேலிதாவுடையது மட்டும் எத்தனை வருடம் போட்டாலும் அதே முகம்தான். அவள் சுவரோரம் தள்ளி ஆறு செடிகளைத் தனியாக வைத்திருப்பாள், எதற்கென்று நான் கேட்டதில்லை. வேலிக்கு வெளியே நின்று கை நீட்டினால் முன்வரிசைதான் எட்டும். அந்த ஆறும் எட்டாது. எட்டாததைத் தினமும் பார்த்துவிட்டு வருவது எனக்கு எவ்வளவு பெரிய வதை என்று அடெல்மோவுக்குக்கூடத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை அவள் வீட்டு வேலிக் கதவு தாழ் போடாமல் கிடந்தது. முற்றத்தில் மடித்த அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் கால் வைக்கிறேன் என்பதுதான் மனதில் ஓடியது. சுவரோரச் செடிகளில் காய்கள் வெளிறிப் பழுப்பாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தண்டிலும் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று கட்டியிருந்தது. எங்கள் ஊரில் சிவப்பு நூல் கட்டாத பொருளே கிடையாது. குழந்தையின் மணிக்கட்டில், புது மோட்டார் சைக்கிளில், நன்றாகப் பூக்கும் செடியில் என்று பொறாமைக் கண்ணுக்குப் பயந்து எல்லாவற்றிலும் கட்டுவார்கள். நேலிதா மட்டும் இதையெல்லாம் கேலி செய்வாள். இப்போது அவளும் கட்டியிருக்கிறாள். தனியாக இருந்து இருந்து இவளுக்கும் பயம் வந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கியது. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இன்னும் பூக்கட்டும் என்று, நூல் எதையும் அவிழ்க்காமல், அசைக்காமல், ஆறு செடியிலும் இருந்த எல்லாக் காயையும் சுத்தமாகக் கிள்ளிவிட்டு வந்தேன். அன்று வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிப்போனேன். அடெல்மோதான் எழுப்பினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உருளைக்கிழங்கு வாங்க சுல்மா கடைக்குப் போனேன். சுல்மா தராசில் கிழங்கைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"நேலிதா விஷயம் தெரியுமா? சனிக்கிழமை தெக்கே மக வீட்டுக்கே போறா. ஒரேயடியா. வீட்டை ஒரு மோட்டார் மெக்கானிக்குக்கு விட்டுட்டா. இன்னைக்குக் காலையில வந்து முத்தம் பூரா ஜல்லியைக் கொட்டிட்டான், வண்டி நிறுத்தணுமாம். பூச்செடி எல்லாம் அடியில போயிருச்சு."

"ஒரேயடியாவா?"

"கையி ரெண்டும் முடியலையே, தனியா எப்படி இருப்பா? அதை விடு. வீட்டைக் குடுத்ததுக்குக்கூட அழல, விதைக்கு அழுதாடி! கொண்டுபோறதுக்குன்னு ஆறு செடியில நூல் கட்டி அடையாளம் வச்சிருந்தாளாம். வெள்ளிக்கிழமை பறிக்கலாம்னு போய்ப் பாத்தா ஒரு காயில்ல. நூல் மட்டும் கட்டினபடியே இருக்கு. தலையை வெட்டிட்டு நூலை விட்டுட்டுப் போயிருக்கான்னா, இது செய்வினைதான். வேற என்ன?"

கிழங்கை வாங்கினேனா, கடையிலேயே விட்டுவிட்டு வந்தேனா என்று நினைவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனேன். கோழிகள் நான்கும் நிழலில் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன. முட்டிபோட்டுத் தரையைத் தடவினேன். பெட்டூனியா விதை கசகசாவைவிடப் பொடி. ஐந்து நாளாகக் கோழி கிளறின மண்ணில் அதைத் தேடுகிறவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் என் கத்திக்குக் கீழே போன கோழிகளெல்லாம் சேர்ந்து இந்த நான்கு பேரை அனுப்பிவைத்திருக்கின்றன என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அப்போதுதான் நடைபாதை வெடிப்புகள் நினைவுக்கு வந்தன. நேலிதாவின் விதை வருடா வருடம் காற்றில் பறந்து தெருக்கல் இடுக்குகளில் தானாக முளைக்கும். நவம்பரில் தெரு நெடுகப் இருபது முப்பது செடியாவது இருக்கும். கிறிஸ்துமஸ் வெயிலில் எல்லாம் கருகிவிட்டன, ஆனால் கருகின குச்சிகள் அப்படியே நிற்கின்றன. கருகுவதற்குள் ஏதாவது ஒன்று காய்த்திருக்கலாம் அல்லவா? ஒரு காய் போதும். ஒரு காய்க்குள் நூறு விதை இருக்கும்.

புதன்கிழமை ஒரு மணிக்கே புறப்பட்டுவிட்டேன். குனிந்து, முட்டிபோட்டு, சில இடங்களில் தவழ்ந்து, ஒவ்வொரு குச்சியையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நான் என்ன சொல்ல? எல்லாக் குச்சியும் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு கணுவுக்கும் மேலே சாய்வாக ஒரு வெட்டு. நவம்பர் முழுக்க இந்த வெடிப்புச் செடிகளையும் விட்டுவைக்காமல் கிள்ளியிருக்கிறேன். ஆலையில் என் கைக்குத் தப்பின இறக்கை ஒன்றுகூட இல்லை என்று ஒரு வருடப் பிறப்பன்று மேலாளர் எல்லோரையும் எனக்குக் கைதட்ட வைத்தார். அந்தக் கைதட்டலை எத்தனை நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் அடி எங்காவது ஒரே ஒரு இடத்தில் சறுக்கியிருக்கக்கூடாதா என்று அந்த வெயிலில் கன்னி மாதாவை வேண்டிக்கொண்டேன். தன் கை தவறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் எங்கள் ஊரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

வியாழனும் அப்படியே போனது. சாயங்காலம் அடெல்மோ நாங்கள் குழலால் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலைத் தேநீர்க் குவளையில் சுடுதண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் குழலை உறிஞ்சாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். முட்டி இரண்டும் தோல் உரிந்திருந்தன. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"போய்ச் சொல்லிடு" என்றார்.

"விதை இல்லாமப் போய் என்னத்தைச் சொல்றது?"

"விதை இருந்தா மட்டும் சொல்லிடுவியா? மூணு வருசமா விதையா இல்லாம இருந்துச்சு?"

"குளிர்ந்து போச்சு, வேற ஊத்துங்க" என்று குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். நாற்பது வருடம் தூங்கியே கழித்த மனிதருக்கு இந்த மாதிரி நேரத்தில் மட்டும் எங்கிருந்துதான் விழிப்பு வருமோ!

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அது கிடைத்தது. பல் மருத்துவர் வீட்டு வாசலில் குப்பைப் பை வைக்கும் இரும்புக் கூடை ஒன்று ஒற்றைக் கம்பத்தின் மேல் நிற்கும். அதன் அடியில், குளிர்சாதனத்தின் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு வெடிப்பில் வடிந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு செடி. இலைகள் பாதி மஞ்சள். இன்னொரு பூவுக்கு அது தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்தது. உச்சியில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, தொண்டையில் கத்திரிப்பூ நிறம். அதற்குக் கீழே பச்சைக் கிண்ணத்துக்குள் ஒரு காய். குப்பைப் பையின் நிழலில் அது என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காயைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. நல்ல பச்சை. முற்ற இரண்டு வாரமாவது வேண்டும். அவள் சாமான்களை ஏற்றிப்போக லாரி நாளைக்கு வருகிறது.

நேலிதா வீட்டு வாசலில் நின்று கைதட்டினேன். எங்கள் ஊரில் மணி அடிக்கிற பழக்கம் கிடையாது, கைதட்டித்தான் கூப்பிடுவோம். ஆனால் மதிய உறக்கத்தில் கைதட்டுவதும் ஒன்று, கொலை செய்வதும் ஒன்று. நாலு வீட்டு நாய்கள் குரைத்தன. கதவு உடனே திறந்தது. அவளும் தூங்கவில்லை. மெலிந்திருந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகல."

"பின்ன எதுக்கு இந்த நேரத்துல தட்டுற?"

"காயைக் கிள்ளினது நான்தான்."

அவள் முகம் மாறவில்லை. "தெரியும்" என்றாள்.

"சுல்மா சொன்னாளா?"

"சுல்மாவுக்கு என்ன தெரியும், அவ செய்வினைங்கிறா. நான் தண்டைப் பாத்தேன். கணுவுக்கு மேல, சாய்வா, பிசிறில்லாம. இருபது வருசத்துக்கு மேல எதுத்தாப்புல நின்னவளுக்கு உன் வெட்டு தெரியாதா?"

"அப்புறம் ஏன் குழுவுல போட்டு என் மானத்தை வாங்கல?"

"நீயா வர்றியான்னு பாத்தேன். வெள்ளிக்கிழமையில இருந்து வெள்ளிக்கிழமை ஆச்சு உனக்கு."

ஜல்லியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். என் செருப்புக்கு அடியில் அவளுடைய செடிகள் இருந்தன. நூல் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணுக்குக் கட்டினது என்று நினைத்துவிட்டேன், நீ பயந்துபோய்விட்டாய் என்று நினைத்தேன், அதனால்தான்... அவள் பாதியிலேயே கையைத் தூக்கினாள். விரல்கள் முழுக்க விரியவில்லை.

"விதைக்கு மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"விதைக்கும்தான்."

அவள் உள்ளே திரும்பிப் பெட்டிகளைக் காட்டினாள். "அந்தத் தாள் இதுக்குள்ளதான் ஏதோ ஒண்ணுல கெடக்கு. தூக்கிப் போட மனசு வரல. அப்பப்ப எடுத்துப் பாப்பேன். உன் பேர் மேல போட்ட கோடு இருக்கே, ஸ்கேல் வச்ச மாதிரி. மத்தவளுங்க கோடெல்லாம் கோணலா இருக்கு. உனக்குக் கை நடுங்கவே இல்லடி."

"இல்ல, நடுங்கல" என்றேன். "அதுதான் என்னைத் தூங்க விடல."

அவள் என்னைப் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்த வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "எங்க இருக்கு?" என்றாள்.

"எது?"

"முட்டியைப் பாத்தாலே தெரியுது, தேடியிருக்க. கெடைக்காம நீ இங்க வந்திருக்க மாட்ட. எங்க?"

இருவரும் அந்த வெயிலில் நடந்தோம். பல் மருத்துவர் வீட்டு வாசலில் அவள் முட்டிபோட முயன்று, கையை ஊன்ற முடியாமல் தடுமாறினாள். அக்குளில் கை கொடுத்து மெதுவாக உட்கார வைத்தேன். குப்பைக் கூடைக்கு அடியில் தலையை நுழைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பூவை முகர்ந்து பார்த்தாள், பகலில் அது மணக்காது என்று தெரிந்தும்.

"அம்மா முகம்தான்" என்றாள். "பதினஞ்சு நாளாகும்."

"நெழல்ல இருக்கு, இருபது."

"பெயர்த்து வச்சா?"

"செத்துப்போகும்."

"அப்ப இங்கயேதான் இருக்கணும்." என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ அதைத் தொடாம இருக்கணும்."

"இருப்பேன்."

"நீயா?" என்றவள், சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். இயந்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் நான் பார்த்துப் பழகிய அதே உதடு. அவளை வீட்டு வாசலில் விட்டபோது விதையை அனுப்ப வேண்டிய விலாசத்தைக் கேட்டேன். "முதல்ல முத்தட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சனிக்கிழமை காலை லாரி வந்தபோது நான் போகவில்லை. தெருமுனையில் நின்று அது திரும்புவதைப் பார்த்தேன். முன் இருக்கையில் வைக்கோல் தொப்பி மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்பதை என் கைகளிடம்தான் கேட்க வேண்டும். தினமும் ஒரு மணிக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். இரண்டு தெருவிலும் செண்டும் ஜினியாவும் வாடி வாடித் தலை தொங்கின. நான் போகவில்லை. போனால் கை பழைய வேகத்துக்கு வந்துவிடும், பிறகு அதை யார் நிறுத்துவது? ஐந்தாம் நாள் அந்த வெள்ளைப் பூ வாடியது. காயின் தலைமேலேயே பழுப்புத் துணி போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. என் விரல் இரண்டு முறை அதன் பக்கத்தில் போய்விட்டது. இரண்டாவது முறை கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பல் மருத்துவர் காரை எடுக்க வெளியே வந்தார். "யாருக்குப் பல்வலி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். குப்பைக்காரர்களிடம் அந்தக் கூடையில் மட்டும் பையை மெதுவாக எடுக்கும்படி கெஞ்சினேன். சுல்மா குழுவில் என்னென்னவோ எழுதினாள். நான் திறந்து பார்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் வடக்கிலிருந்து அனல் காற்று வீசியது. மூன்று மணிக்குத் தெற்கு வானம் கறுத்தது. காயின் கிண்ணம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. நுனியில் மட்டும் இன்னும் பச்சை ஒரு கீற்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது கிள்ளினால் விதை பாலாக இருக்கும், முளைக்காது. விட்டுவைத்தால் இன்னும் இரண்டு நாள். முதல் துளிகள் கல்லில் விழுந்து ஆவியானபோது வீட்டுக்கு ஓடிப்போய் அடெல்மோவின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. குப்பைக் கூடைமேல் சாய்ந்து, குடையைச் செடிக்குப் பிடித்துக்கொண்டேன். என் முதுகு நனைந்தது. காற்று குடையைப் பறிக்கப் பார்த்தது, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

தெருவில் ஒவ்வொரு பலகைக் கதவாகத் திறந்தது. துணி எடுக்க எழுந்தவர்கள் துணியை மறந்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் பனியனோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அடெல்மோ கத்தினார். "கிழவி! இடி விழுது! அதைக் கிள்ளிட்டு உள்ள வா!"

"இன்னும் ரெண்டு நாளாகணும்!" என்று நானும் கத்தினேன்.

"என்னது?"

"ரெண்டு நாள்!"

சாக்கடை நிரம்பி, தண்ணீர் நடைபாதைமேல் ஏறி வந்தது. செம்மண் கலங்கல், அதில் தெரு முழுக்க நான் கிள்ளாமல் விட்ட பூக்களெல்லாம் மிதந்து வந்தன. குடை மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். கீழே வருவதற்கு என்ன செய்வது? துணிச் செருப்பைக் கழற்றாமலேயே இரண்டு காலையும் செடியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து, குதிகால்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து அசையாமல் நின்றேன். தண்ணீர் என் கணுக்காலில் மோதி, சற்றுத் தயங்கி, இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது.